ஐப்பசி முதல் வாரம், அக்காவின் வலது கண்

காய்ந்து கிடந்த வாய்க்காலில் தண்ணீர் நுழையும்போது ஒரு வாசனை அதற்கு முன்னால் ஓடி வரும். வெடித்த மண், நத்தை ஓடு, கோரைக் கிழங்கு, போன வருஷத்து வைக்கோல் எல்லாம் ஒரே மூச்சில் நனைகிற வாசனை. தஞ்சாவூரில் புதாற்றுப் பாலத்தின் மேல் பேருந்து நெரிசலில் நிற்கும்போது என்றைக்காவது அது ஜன்னல் வழியாக ஏறி வந்தால், நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவற விட்டுவிடுகிறேன். போன ஐப்பசியில் அக்கா வீட்டில் கழித்த ஏழு நாள் அந்த வாசனைக்குள் இருக்கிறது.

அக்காவின் ஊர் கீழ்வேளூருக்குத் தெற்கே, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில். வீட்டுக் கொல்லையைத் தாண்டினால் அவள் வயல், மூன்று ஏக்கர். அத்தான் இறந்த பிறகு ஆறு வருஷமாக அவளே சாகுபடி செய்கிறாள். அவளுடைய இடது கண் அதற்கும் முன்பே போய்விட்டது. ஒரு தை மாத அறுப்பில் நெற்கதிர் குத்திப் புண்ணாகி, வெள்ளை விழுந்து, அப்படியே நின்றுவிட்டது. மிச்சமிருந்த வலது கண்ணில் புரை வளர்ந்தது. விதைப்பு முடியட்டும், அறுப்பு முடியட்டும் என்று அவள் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததில் புரை முற்றிவிட்டது. புரட்டாசிக் கடைசியில் திருவாரூரில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை நடந்தது. மறுநாள் கட்டைப் பிரித்தபோது அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பால் நிறம்.

"உள்ள வீக்கம் இருக்கு. ஒரு வாரம் போகட்டும். வடிஞ்சா தெரியும்," என்றார் டாக்டர்.

வடியாவிட்டால் என்ன என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அக்கா கேட்டாள். டாக்டர் நேராகப் பதில் சொல்லாமல் சொட்டு மருந்துச் சீட்டை எழுதினார்.

ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவுக்கு நிற்கும்போதே அவள் முடிவைச் சொல்லிவிட்டாள். கண் தெளிந்தால் நிலம் அவளிடம். தெளியாவிட்டால் குத்தகைக்குக் கொடுத்துவிட்டுக் கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போய்விடுவாள். குத்தகைக்குக் கேட்டவரும் தயாராக இருந்தார். கிழக்கே அடுத்த வயல்காரர், அத்தானை அண்ணன் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்.

"அங்க போயி என்ன பண்ணுவ?" என்றேன்.

"எட்டாவது மாடில உக்காந்து லிஃப்ட் ஏறி எறங்குற சத்தத்தக் கேட்டுக்கிட்டு இருப்பேன்."

நான் பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அவளோடு போனேன். பையில் நான்கு புடவை, ஏழு புத்தகம். நாளுக்கு ஒரு புத்தகம் என்று ஆசை. ஐம்பதை நெருங்கும் வயதில் என்னைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை. நாற்பதாவது பக்கம் வரும்போது எனக்குக் கால் அரிக்கும். எழுந்து ஜன்னலுக்குப் போவேன், ஜன்னலிலிருந்து அடுப்படிக்கு, அங்கிருந்து இன்னொரு புத்தகத்துக்கு. எழுதுவதும் அப்படித்தான். அரைப் பக்கம், கால் பக்கம், மூச்சு வாங்கும்வரை ஓடி நின்றுவிடும் பத்திகள். "ஒன்னோட எழுத்து ஈசல் மாதிரி. வெளக்கு பக்கத்துல வந்ததும் றெக்க விழுந்துருது," என்று அக்கா ஒரு தடவை சொன்னாள். அதைவிடக் கூர்மையான விமர்சனம் எனக்கு எந்தப் பத்திரிகையிலும் கிடைத்ததில்லை.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை சொட்டு மருந்து. போட்டதும் பத்து நிமிஷம் கண்ணை மூடியிருக்க வேண்டும். குனியக்கூடாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். புகை, தூசி, வயல் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது.

"தீவாளிக்கு எண்ண தேச்சுக் குளிக்கறது?"

"கூடாதாம்."

"அப்ப அந்த டாக்டர வந்து எனக்குப் பதிலாக் குளிக்கச் சொல்லு."

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபோது, அரசியலில் தோற்று வீட்டோடு இருக்கும் ஒரு பெண்மணி மாதிரி இருந்தாள். அந்தப் பத்து நிமிஷங்களில் நான் அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

முதல் புத்தகம் எங்கோ குளிர்நாட்டில் நடக்கிற மொழிபெயர்ப்பு நாவல். இலையுதிர்காலம் தொடங்குகிறது, ஒரு பெரிய வீட்டின் முற்றத்தில் இலைகள் விழுந்துகொண்டே இருக்கின்றன, ஒருத்தி ஒரு கடிதத்துக்காகக் காத்திருக்கிறாள். நான் குரலைத் தாழ்த்தி நிதானமாகப் படித்தேன். அக்கா கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"அவ்வளவு எலையையும் என்னா பண்ணுவாங்க? எருக்குழிக்கா?"

"அதெல்லாம் எழுதல."

"எழுதணும்ல? அவ்வளவு எலை. சரி, படி."

நான்காவது அத்தியாயத்திலும் கடிதம் வரவில்லை.

"தபாலாபீசு எவ்வளவு தூரம்?"

"தெரியலக்கா."

"எந்திரிச்சுப் போயி ஒரு வார்த்த கேக்க வேண்டியதுதான? காலு நல்லாத்தான இருக்கு அவளுக்கு?"

அதோடு அந்த நாவல் முடிந்தது. எனக்கும் கொஞ்சம் நிம்மதிதான். நம் ஊரில் இந்த மாதத்தில் இலைகள் அப்படிக் கூட்டமாக விழுவதில்லை. பூவரசு இன்னும் கொஞ்சம் கறுத்துப் பச்சையாகும். வரப்புப் புல் கணுக்காலைத் தொடும். வெயில் பதினொரு மணிக்கே தன் சூட்டின் மேல் நம்பிக்கை இழந்துவிடும். பழைய தமிழில் இந்தப் பருவத்துக்குக் கூதிர் என்று பெயர். அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்னாலே தோள் ஒரு அங்குலம் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆடித் திருவிழா ஒலிபெருக்கிகள் ஓய்ந்து, தீபாவளி வெடிகள் இன்னும் தொடங்காத இடைவெளி அது. அந்த இடைவெளியில் காது நன்றாகக் கேட்கும்.

அக்காவுக்கு வேண்டியிருந்த வாசிப்பு வேறு. முதலில் பஞ்சாங்கம். மழைக் கோளைப் பற்றிய பக்கத்தை மூன்று தரம் படிக்கச் சொன்னாள். அடுத்து வேளாண்மை அலுவலகத்தில் கொடுத்த துண்டுப் பிரசுரம். பிறகு சொட்டு மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதம், பொடி எழுத்தில், பக்க விளைவுகள் உட்பட. "வாந்தி வரலாம், தல சுத்தலாம், எல்லாத்தையும் போட்டுட்டான் பாரு. கண்ணு தெரியும்னு ஒரு வரி போட்டானா?" என்றாள். கடைசியில், எல்லாவற்றையும்விட அவளுக்குப் பிடித்தது, டீக்கடையில் வெங்காய பக்கோடா மடித்துக் கொடுத்த செய்தித்தாள் துண்டு. எண்ணெய் ஊறி ஒளி புகும் அந்தத் தாளில் ஒரு செய்தி பாதியில் கிழிந்திருந்தது. எங்கோ ஒரு ஊரில் கல்யாண மண்டபத்துக்குள் ஒரு எருமை நுழைந்துவிட்டது, சமையல்காரர்கள் ஓடினார்கள், மாப்பிள்ளையின் மாமா எருமையின் கயிற்றைப் பிடித்து. அதற்கு மேல் தாள் இல்லை.

இரண்டு நாள் அக்கா அந்த மாமாவை விடவில்லை. காலைச் சொட்டுக்கு ஒரு முடிவு, மாலைச் சொட்டுக்கு இன்னொரு முடிவு. ஒன்றில் எருமை பெண் வீட்டாருடையது. ஒன்றில் மாமாவே மந்தை வைத்திருந்தவர். எருமை அவரைத் தேடித்தான் வந்தது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவள் சிரிக்காமல் சொல்லுவாள், அதுதான் அவள் வித்தை.

ஐப்பசி பிறந்த அன்று தெருவே மீன் வாசனையாக இருந்தது. புரட்டாசி முழுக்க வாயைக் கட்டியிருந்தவர்கள் காலை ஆறு மணிக்கே மீன்காரம்மாவின் கூடையைச் சூழ்ந்துகொண்டார்கள். எனக்குக் கிடைத்தது அரைக் கிலோ கெண்டைதான். முள்ளை நான் எடுத்துக் கொடுக்க, கண்ணை மூடிக்கொண்டு அவள் சாப்பிட்டாள். "முப்பது நாள் கழிச்சுத் திங்கறதுக்குத்தான் முப்பது நாள் திங்காம இருக்கறது," என்றாள்.

ரேடியோ எப்போதும் சன்னமாகப் பேசிக்கொண்டிருந்தது. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு, கரையோரத்தில் ஓரிரு இடங்களில். அக்காவுக்கு அந்த ஓரிரு இடங்களின் மேல் கோபம். "அந்த ஓரிரு எடம் எங்கதான்டி இருக்கு? ஒரு நாளாவது நம்மளத் தொட்டிருக்கா?" அவள் தன் காதைத்தான் நம்பினாள். ஊருக்கு வடக்கே நாகப்பட்டினம் ரயில் பாதை. காற்று எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை ரயில் சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவாள். சத்தம் மங்கலாக வந்தால் இன்னும் தென்காற்று. தண்டவாளத்தின் ஒவ்வொரு இணைப்பும் தனித்தனியாகக் கேட்டால் காற்று வடக்கே திரும்பிவிட்டது, மழை தூரத்தில் இல்லை. அந்த வாரத்தின் முதல் மூன்று நாளும் ரயில் பஞ்சுக்குள் ஓடியது.

மழை வராததால் எல்லாரும் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேரடியாக விதைத்த சம்பாப் பயிருக்கு ஒரு மாத வயது, ஒரு சாண் உயரம். மண் நகத்தால் கீறியது போல வெடிக்கத் தொடங்கியிருந்தது. நான் போன இரண்டாம் நாள்தான் அந்த வாசனை வந்தது. நான் முதலில் சொன்னேனே, அது. அக்கா படுத்திருந்த இடத்திலிருந்தே தலையைத் தூக்கினாள். "வந்துருச்சு," என்றாள். நான் எழுந்து ஓடி வாய்க்காலைப் பார்த்தேன். இன்னும் காய்ந்துதான் கிடந்தது. கால் மணி கழித்துத்தான் நுரையும் சருகுமாக ஒரு பழுப்பு நாக்கு வளைவில் தெரிந்தது.

கிளை வாய்க்காலில் தண்ணீர் ஐந்து நாள் ஓடும். அந்த ஐந்து நாளையும் வயல்காரர்கள் முறை வைத்துப் பிரித்திருந்தார்கள். அக்காவின் முறை மூன்றாம் நாள் காலை ஆறிலிருந்து பதினொன்று வரை. அதாவது நான் வந்த நான்காம் நாள். கிழக்கு வயல்காரருக்கு ஐந்தாம் நாள்.

வழக்கமாக அவளுக்குத் தண்ணீர் பாய்ச்சுபவர் மகள் பிரசவத்துக்கு வேதாரண்யம் போயிருந்தார். நான் போகிறேன் என்றேன். அக்கா கண்ணாடிக்குப் பின்னாலிருந்து என்னை நீண்ட நேரம் பார்ப்பது போல உட்கார்ந்திருந்தாள்.

"நல்லாக் கேட்டுக்க. மொதல்ல வரப்ப ஒரு சுத்து சுத்து. நண்டு வள இருக்கும். வெறுங்காலால நடந்தாத்தான் தெரியும், உள்வாங்கும். சேத்த அள்ளி உள்ள திணிச்சு குதிகாலால மிதிச்சு அடைச்சுரு. அதுக்கப்பறம்தான் மடையத் தொறக்கணும். தண்ணி ஏறிட்டா வள கண்ணுக்குத் தெரியாது."

"சரிக்கா."

"என்னா சரி? திருப்பிச் சொல்லு."

சொன்னேன். வகுப்பில் நான் பிள்ளைகளைச் சொல்லச் சொல்வது போலவே.

காலையில் மண்வெட்டியோடு போனேன். கையில் ஒரு சின்னப் புத்தகமும் இருந்தது. கடலோரமாக மாதக்கணக்கில் நடந்துபோன ஒருவர் எழுதிய பயணக் குறிப்பு. வாய்க்காலில் தண்ணீர் விளிம்பு தட்டி ஓடியது. முறை தொடங்கிவிட்டது, ஒவ்வொரு நிமிஷமும் போகிறது என்று எனக்குப் பதற்றம். முதலில் மடையை வெட்டிவிடுவோம், தண்ணீர் உள்ளே போய்க்கொண்டிருக்கட்டும், அதற்குள் வரப்பைச் சுற்றிவிடலாம் என்று நினைத்தேன். புல்லுக்குள் பாம்பு இருக்குமென்ற பயத்தில் செருப்பையும் கழற்றவில்லை. மேலிருந்து எட்டிப் பார்த்ததில் மூன்று வளை தெரிந்தது. காய்ந்த கட்டியை வைத்து அடைத்தேன். பிறகு பூவரசு நிழலில் உட்கார்ந்தேன்.

என்ன சொல்வது. பயிருக்கு இடையில் தண்ணீர் விரலாக விரிந்து, உள்ளங்கையாகி, வானத்தை ஏந்திக்கொண்டது. கொக்கு ஒன்று தன் நிழலைத் தானே மிதித்துக்கொண்டு நடந்தது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் ஒரு மட்டத்துக்கு வந்து அசையாமல் நின்றது. நிறைந்துவிட்டது என்று நினைத்தேன். புத்தகத்தைப் பிரித்தேன். பல வருஷங்களுக்குப் பிறகு ஒரு புத்தகத்தை ஒரே இருப்பில் கடைசிப் பக்கம்வரை படித்தேன். கால் அரிக்கவே இல்லை. பதினொரு மணிக்கு அடுத்த முறைக்காரர் வந்து கனைத்ததும் மடையை அடைத்துவிட்டு, உலகத்தை வென்றவள் மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

"தண்ணி எவ்வளவு நிக்குது?"

"நிறைய."

"நெறையன்னா? வெரக்கடை சொல்லு."

"நாலு வெரக்கடை."

அவள் முகம் தளர்ந்தது. அன்று பகல் முழுக்க அவள் மருந்துக்கு அடம் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை வயலுக்குப் போனேன். தண்ணீர் இல்லை. ஈர மண்ணும், அதில் கொக்கின் கால் தடமும்தான் இருந்தன. கிழக்கு வரப்பின் அடியில், என் கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீருக்குள் மூழ்கியிருந்த இரண்டு பெரிய வளைகள் வாயைத் திறந்துகொண்டிருந்தன. தாழ இருந்த கிழக்கு வயலில் வானம் முழுசாகப் படுத்திருந்தது. முந்தின நாள் தண்ணீர் ஏறாமல் நின்றதன் காரணம் அப்போதுதான் புரிந்தது. மடையில் வந்தது வந்தபடி வளையில் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவாள், குனிவாள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். பாதி உண்மை. மீதி, வெட்கம். அன்று காலை அவள் என்னைக் கொடியில் ஏதாவது துணியைப் போடச் சொல்லி, பார்க்க முயன்று, "பொகையாத்தான் இருக்கு," என்று சொல்லியிருந்தாள். பயிரும் போய்க் கண்ணும் தெளியாவிட்டால் என்று நினைக்கவே முடியாமல் பகல் முழுக்க அவளுக்கு எருமைக் கதையை நானே நீட்டிக்கொண்டிருந்தேன். அவள் உம் கொட்டினாள்.

விளக்கு வைக்கும் நேரம். கொல்லையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"இங்க வா. தவள எங்கேருந்து கத்துது?"

"எல்லாப் பக்கமும்தான்."

"எல்லாப் பக்கமும் இல்ல. கெழக்க கத்துது. நம்ம வயல்ல ஒண்ணு ரெண்டுதான். தண்ணி நிக்கிற எடத்துலதான் அது கூட்டம் போடும்."

நான் கொடியிலிருந்த துணியை எடுத்து மடிக்கத் தொடங்கினேன்.

"வளையெல்லாம் மிதிச்சியா?"

"பாத்தேன்."

"பாத்தியா, மிதிச்சியா?"

"மேலேருந்து பாத்தேன்."

"செருப்போடயா?"

அவள் எழுந்து சுவரைத் தடவிக்கொண்டு மண்வெட்டி சாய்த்து வைத்திருக்கும் மூலைக்குப் போய் அதைக் கையில் எடுத்தாள். நான் குறுக்கே நின்றேன்.

"வழிய விடுடி."

"ஒரு தடவ குனிஞ்சாலும் போச்சுக்கா. இருக்கறது ஒரு கண்ணு."

"இருக்கறது ஒரு வெள்ளாமையும்தான். எனக்குத்தான் கண்ணு தெரியல. ஒனக்கு என்னா வந்துச்சு?"

அவள் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கினேன். முரண்டு பிடிக்காமல் விட்டாள், அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. திரும்ப வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "அழக்கூடாதுன்னு அந்தச் சீட்டுல போட்டிருக்கா?" என்று கேட்டாள்.

"போடல."

"மறந்துட்டான் போல," என்றாள். இருவரும் கொஞ்சம் சிரித்தோம். பிறகு ஆறு மணிச் சொட்டுக்கு நேரமாகிவிட்டது.

அடுத்த நாள் விடிந்ததும் வேலிப் பக்கம் யாரோ கூப்பிட்டார்கள். கிழக்கு வயல்காரர். முழங்கால்வரை சேறு, தோளில் மண்வெட்டி.

"அண்ணி, உங்க தண்ணி என் வயல்ல நிக்குது. நேத்துச் சாயங்காலம்தான் பாத்தேன். என் பக்கத்துலேருந்து ரெண்டு வளையையும் அடைச்சுட்டேன். ஆனா அதுக்குள்ள முக்காவாசி வந்துருச்சு."

அக்கா கறுப்புக் கண்ணாடியை நிமிர்த்தினாள். "இப்பவே ரெண்டும் ஒரே வயலுன்னு நெனச்சுட்டீங்களா தம்பி?"

"அப்படி நெனச்சிருந்தா எதுக்கண்ணி அடைக்கிறேன்? காஞ்சு போகட்டும், கண்ணும் வேணாம் காடும் வேணாம்னு நீங்களே குடுத்துருவீங்கன்னு கம்முனு இருந்திருப்பேன்." அவர் சிரித்தார், ஆனால் விளையாட்டாகச் சொல்லவில்லை. "கேட்டது கேட்டதுதான். அத நான் திருப்பி வாங்கிக்கல. இன்னிக்கு என் முறை. என் வயல்லதான் உங்க தண்ணி நிக்குதே, அதனால இன்னிக்கு மடைய நீங்க தொறந்துக்கங்க. முறைக்கு முறை சரியாப் போச்சு."

அக்கா யாரிடமும் எதையும் எளிதில் வாங்கிக்கொள்கிறவள் அல்ல. வேலியில் ஒரு கரிச்சான் வந்து உட்கார்ந்து போனது.

"சரிங்க தம்பி," என்றாள் கடைசியில். "ஆனா இந்த டீச்சர மட்டும் தனியா விடாதீங்க."

அன்று செருப்பை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனேன். வரப்பில் வெறுங்கால் வைத்ததும் தரை பேசத் தொடங்கியது. இங்கே கெட்டி, இங்கே பொதபொத, இங்கே உள்ளே யாரோ குடியிருக்கிறார்கள். சேற்றை அள்ளித் திணித்துக் குதிகாலால் மிதித்தேன். எதிர் வரப்பில் அவரும் மிதித்துக்கொண்டே வந்தார்.

"கவிதைல்லாம் எழுதுவீங்களாமே டீச்சர். நண்டப் பத்தி எழுதியிருக்கீங்களா?"

"இல்லைங்க."

"அதான், அதுங்க கோவத்துல இருக்கு."

பதினேழு வளைகள். மிதிக்க மிதிக்க வெளியே ஓடிவந்த நண்டுகளில் ஒரு டஜன் அவருடைய துண்டு முடிச்சுக்குள் போனது. அதற்கப்புறம்தான் மடையைத் திறந்தோம். தண்ணீர் ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது. நான் விரலை மண்ணில் ஊன்றி அளந்தேன். இரண்டு. மூன்று. புத்தகம் எதுவும் கொண்டு போகவில்லை. நிற்கவே இல்லை நான். வரப்பைச் சுற்றிச் சுற்றி வந்தேன். என் கால்களின் நமைச்சலுக்கு இத்தனை வருஷத்தில் ஒரு உருப்படியான வேலை கிடைத்தது.

மதியம் அம்மியில் மிளகும் சீரகமும் தட்டி, அவர் கொடுத்த நண்டில் ரசம் வைத்தேன். அந்தப் பகுதியில் சளிக்கும் சோர்வுக்கும் மனக் கசப்புக்கும் அது ஒன்றுதான் மருந்து. அக்கா டம்ளரில் ஊற்றி ஊதி ஊதிக் குடித்தாள். பாதியில் நிறுத்தினாள்.

"கொடியில தொங்குறது நீலமா?"

கொடியில் என் நீலப் புடவை. ஆனால் அது முந்தின தீபாவளிக்கு அவளே எடுத்துக் கொடுத்த புடவை. அதைக் கட்டிக்கொண்டுதான் வந்தேன் என்று அவளிடம் சொல்லியும் இருந்தேன். ஊகமாக இருக்கலாம். "ஆமா," என்று மட்டும் சொன்னேன். அவளும் மேலே எதுவும் கேட்கவில்லை. இருவருமே அந்த நீலத்தைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி ஓரமாக வைத்துவிட்டு ரசத்தைக் குடித்து முடித்தோம்.

ஏழாம் நாள் விடியற்காலையில் அவள்தான் என்னை எழுப்பினாள். "கேளு."

ரயில் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு இணைப்பும் தனித்தனியாக, எண்ணிவிடலாம் போல. நாங்கள் திருவாரூருக்குப் பஸ் ஏறுவதற்குள் முதல் தூறல் விழுந்தது.

ஆஸ்பத்திரியில் அவளை எழுத்துப் பலகைக்கு எதிரே உட்காரவைத்தார்கள். நான் சுவரோரம் நின்றேன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியதும் அவள் இரண்டு மூன்று தடவை கண் சிமிட்டினாள். மேலே இருந்த பெரிய எழுத்தைப் படித்தாள். அடுத்த வரி. அதற்கடுத்த வரியில் கொஞ்சம் தயங்கினாள், படித்தாள். கீழே கீழே இறங்கிக்கொண்டே போனாள், மடை திறந்ததும் தண்ணீர் சால் சாலாக இறங்குவது போல. கடைசிக்கு முந்தின வரியில் டாக்டர் போதும் என்றார். அவள் நிறுத்தவில்லை. பலகையின் அடியில் அச்சடித்த ஊர்ப் பெயரையும் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத்தான் திரும்பினாள்.

"வீக்கம் நல்லா வடிஞ்சிருக்கு. தூரப் பார்வை தேவலாம். கிட்டத்துக்கு ஒரு மாசம் கழிச்சுக் கண்ணாடி எழுதுறேன்," என்றார் டாக்டர்.

"வயலுக்கு?"

"மூணு வாரம் சேத்துல எறங்காதீங்க. அறுப்பப்ப கண்ணாடி போடாமக் கதிர்கிட்டப் போகவே கூடாது. இது ஒண்ணுதான் இருக்கு உங்களுக்கு."

"வரப்புல நின்னு பாக்கறதுக்கு ஒண்ணும் தடையில்லல்ல?"

டாக்டர் சிரித்துவிட்டார்.

வெளியே வந்து அவள் முதலில் பார்த்தது என்னைத்தான். முகத்தைப் பக்கத்தில் கொண்டு வந்து, பின்னால் இழுத்து, தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"ஏண்டி, இவ்வளவு நரைச்சுப் போச்சா?"

"மூணு வருஷமா இப்படித்தான் இருக்கேன்."

"ஒருத்தரும் சொல்லல பாரு என்கிட்ட."

பஸ் ஸ்டாண்டுவரை வழியெல்லாம் அவள் படித்துக்கொண்டே வந்தாள். மருந்துக்கடை, டயர்க்கடை, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, இங்கே குப்பை கொட்டாதீர்கள். அந்த வாரத்தில் நான் கேட்ட வாசிப்பிலேயே அதுதான் எனக்கு இன்னும் காதில் நிற்கிறது. மழை தகரக் கூரையில் பலமாக இறங்கியது. கூரைக்கடியில் ஒதுங்கி நின்றதும் போனை எடுத்துக் கிழக்கு வயல்காரரின் எண்ணைப் போடச் சொன்னாள்.

"தம்பி, கண்ணு தெரியுது."

அந்தப் பக்கம் மழை இரைந்தது. "சந்தோசம் அண்ணி. நெசமாவே சந்தோசம்."

"நெலத்தக் குடுக்கல."

"அது மொதல் வார்த்தையிலயே தெரிஞ்சு போச்சு. பரவால்ல, மேலத் தெருவுல ஒருத்தர் குடுக்கறதாச் சொல்லியிருக்காரு, போயிப் பாக்குறேன். இங்க ஊத்துது அண்ணி. மழைத் தண்ணி ஏறிக்கிட்டே கெடக்குது. உங்க வடிகாலக் கொஞ்சம் வெட்டி விடவா?"

"எவ்வளவு நிக்குது?"

"ஆறு வெரக்கடை."

"ரெண்டு வெரக்கடைய வடிச்சு விடுங்க. போதும்."

மகளுக்கு அவள் போன் பேசவில்லை. குரல் பதிவு அனுப்பினாள். எட்டாவது மாடிக்கு விருந்தாளியாக வருவதாகவும், பத்து நாளுக்கு மேல் இருக்க மாட்டேன் என்றும். அதை அனுப்புவதற்கு முன் ஒரு தடவை போட்டுக் கேட்டாள். தன் குரல் அவளுக்குத் திருப்தியாக இருந்தது போல.

தஞ்சாவூர் பஸ் இரண்டு வந்து போய்விட்டன. நான் ஏறவில்லை. நாகப்பட்டினம் பஸ் வந்தபோது, நான் சொல்வதற்குள் அவளே போர்டைப் படித்துவிட்டுப் படியில் காலை வைத்தாள். யார் கையையும் பிடிக்கவில்லை. உள்ளே போய் ஜன்னலோரம் உட்கார்ந்து, சாரல் அடிக்காமல் இருக்கக் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். பஸ் கிளம்பி, குழிகளில் தண்ணீரைச் சிதறடித்துத் திரும்பும்போது ஜன்னலைத் திறந்து தலையை நீட்டினாள்.

"தை கடைசில அறுப்பு. இப்பவே லீவு எழுதிக் குடுத்து வை. மெஷின் வந்து நின்னப்பறம் ஸ்கூலு அது இதுன்னு சொன்ன, கொன்னுருவேன்."